பின்னாலருந்து ஒரு தள்ளு

...கட்டுன பொண்டாட்டிய ஒரு தள்ளு தள்ள முடியாதா ஒரு மனுஷனால? அதத்தான் கேக்குறேன்! வா வா, உள்ள வாம்மா. கீழ் வீட்டுக்குப் புதுசா வந்த பொண்ணுதானே? சத்தம் கேட்டுச்சா? கேக்கும், கேக்கும். காலைலருந்து குப்புறப் படுக்குறேன், எந்திரிக்கிறேன், விழுறேன். உங்க ஃபேன் ஆடுதா? என் இடுப்பே ஆடுது, ஃபேன் ஆடாதா!

பாத்து, பாத்து... அந்த சாக்பீஸ் கோட்ட மிதிச்சிடாத. அதான் பலகை. சர்ஃபிங்மா, சர்ஃபிங்! பலகை மேல நின்னு அலைல சறுக்குறது! வீடியோல அந்தத் தாடிக்காரன் என்னா சொல்றான்? குப்புறப் படு, நெஞ்சுக்குப் பக்கத்துல கைய ஊனு, ஒரே தாவுல எந்திரிச்சு நில்லு. ஒரே தாவுல! சோபாவ விட்டு எந்திரிக்கவே நான் மூணு தவணை வாங்குறவ. குனிஞ்சு பலகையப் பாக்கக் கூடாதாம், கரையத்தான் பாக்கணுமாம். இங்க கரை ஏது? ஃபிரிட்ஜுதான் இருக்கு. அதப் பாத்தா பசிக்குது...

இந்த வயசுல எதுக்கா? நல்லாக் கேட்ட. என் பையன் கட்டிக்கப் போற பொண்ணு இருக்காளே, கடல்ல இதச் சொல்லிக் குடுக்குற கோச்சு. அவங்கம்மாவக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்தா. அந்தம்மா, தான் நீச்சல்ல வாங்குன மெடலப் பத்தியே பேசுது, பேசுது... எனக்குப் பொறுக்கல. ‘நான்கூட சின்ன வயசுல அலைல நின்னவதான்’னு ஒரு வார்த்தை... ம்... விட்டுட்டேன். கணுக்கால் நனைய நின்னிருக்கேன், பொய்யில்லயே! அந்தப் பொண்ணு ‘அத்தை!’ன்னு கட்டிப் பிடிச்சுக்கிச்சு. நாளைக்குக் காலைல கூட்டிட்டுப் போக வர்றா. எனக்கு நீச்சலே தெரியாதும்மா. பயமா இருக்கு. உண்மையச் சொன்னா வர்ற மருமக என்னைய மதிப்பாளா?

சரி, அது கெடக்கட்டும். எந்தக் கால முன்னால வைக்கிறதுன்னு தெரியணும்ல? பின்னாலருந்து யாராச்சும் திடீர்னு தள்ளணுமாம். தன்னால எந்தக் கால் முன்ன வருதோ, அதான் முன்னங்கால். எங்க வீட்டுக்காரரு ‘நான் தள்ளுனா பஞ்சாயத்தாயிடும்’ங்கிறாரு, பேப்பரக்கூட மடக்காம! நீயாச்சும் தள்ளும்மா. என்னது, என் சத்தத்துல உன் கொழந்த தூங்கவே இல்லயா? அந்தக் கோவத்த வச்சே தள்ளு! திரும்பிக்கிறேன். எப்பன்னு சொல்லிடாத, நான் பாட்டுக்குப் பேசிட்டிருப்பேன், நீ பாட்டுக்கு... ஐயோ அம்மா!

எந்தக் கால் வந்துச்சு? ஒரு காலும் வரலயே... கைதான் வந்துச்சு. ஸ்ஸ்ஸ்... மணிக்கட்டு வீங்குது பாரேன். இத வச்சுக்கிட்டுப் பலகைல எப்படி ஊனுறது? நாளைக்குக் கடலுக்கே போக...

அட! போகவே முடியாதே!

ஏம்மா, எங்க ஓடுற? திட்டலம்மா! படில பாத்து எறங்கு... நீ நல்லா இருக்கணும்!