வாசிக்க மட்டும்

என் மனைவி பூரணிக்குச் சட்டி கீழே விழுந்தாலே நெஞ்சு படபடக்கும், ஐயா. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே. நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னாலுள்ள மலை நகர்கிறதா என்று பார்க்கக் கருவி பதித்திருந்தார்கள். அதன் மென்பொருள் பழசு, புதுக் கணினியில் ஓடாது. தோட்ட ஆபீசில் கணினி என் பொறுப்பு என்பதால், புதுக் கணினிக்குள்ளேயே பழைய கணினி ஒன்றை மெய்நிகராக ஓடவிட்டேன். இரண்டுக்கும் பொதுவாக ஒரு போல்டர். உள்ளே இருப்பது எச்சரிக்கையை அதில் எழுதும்; வெளியே இருப்பது அதைப் படித்து ஆபீசின் அபாயச் சங்கை ஊத வைக்கும்.

இரண்டு தடவை ஊதியது. சனம் பிள்ளைகளை வாரிக்கொண்டு கொட்டும் மழையில் கோயிலுக்கு ஓடியது. மலை அப்படியே நின்றது. பூரணிக்குத்தான் அதன்பின் தூக்கமே இல்லை.

"இன்னொருக்கா அது ஊதுனா நான் செத்துருவேங்க" என்றாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கருவிக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். அந்தப் போல்டரை 'வாசிக்க மட்டும்' என்று மாற்றினேன். உள்ளே இருப்பது இனி அதைப் பார்க்கலாம், எதையும் எழுத முடியாது. லயமே நிம்மதியாகத் தூங்கியது. யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

பொறுப்பில்லாதவன் இல்லை நான். தினமும் காலையில் உள்ளே இருப்பதைத் திறந்து பார்ப்பேன். அந்த வெள்ளிக்கிழமை திரை முழுக்கச் சிவப்பு. உடனே வெளியேறும்படி எழுதியிருந்தது.

வீட்டுக்குப் போய், ராகலையிலுள்ள பூரணியின் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பச் சொன்னேன். பக்கத்துக் காம்பராக் கதவிலிருந்து பெற்றீசியாக்கா எட்டிப் பார்த்தார்.

"இந்த மழையில புள்ளைகள எங்கங்க கூட்டிட்டுப் போறீங்க? ஏதும் பயமா?"

"ஒண்ணும் இல்லக்கா. சும்மா மச்சான் வீட்டுக்கு."

வழியில் சாப்பிட ரொட்டி சுற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஆபீசைத் தாண்டித்தான் பஸ்சுக்குப் போனோம். உள்ளே போய்ச் சங்கை ஊதியிருக்கலாம். ஊதினால், அது ஏன் தானாக ஊதவில்லை என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மத்தியானம் மலை இறங்கியது. லயம் இருந்த இடத்தில் இப்போது மண்தான். பெற்றீசியாக்காவை இன்னும் எடுக்கவில்லை. தகரத்தில் மழை விழுந்தாலே இப்போது எனக்கு வியர்க்கிறது. ஆனால் அவர் கடைசிவரை பயப்படாமல் இருந்திருப்பார், அதற்கு நான்தான் காரணம்.

இந்த வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பூரணியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஐயா. அவள் பயந்துவிடுவாள்.