ஈரம் காட்டாத தரை

உங்கள் ஸ்டேஷன் ஃபேனில் ஒரு ஸ்க்ரூ லூசாக இருக்கிறது, ஐயா. சுற்றும்போதெல்லாம் டக் டக் என்று தட்டுகிறது. உங்களுக்குப் பழகியிருக்கும், எனக்கு மண்டைக்குள் அடிக்கிறது. ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொடுத்தால் ஏறி முடுக்கிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வேன். வேண்டாமா, சரி. ஆனால் பேச்சின் நடுவில் நான் எழுந்து நடந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வண்டி கவிழ்ந்ததிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

பெயர் தேவராஜ். ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். சொந்த ஊர் கீழே, போளூர் பக்கம். மனைவி சகுந்தலா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஒரே மகள் சிவசங்கரி. அவளைக் கட்டியவன்தான் கோகுலகிருஷ்ணன், செத்துப்போனவன். ஆரணிப் பையன். நல்ல பையன், அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். சகுந்தலா போனதும், மாமா தனியாக இருக்கக் கூடாது என்று அவனே சங்கரியைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்து என் வீட்டில் தங்கினான். எந்த மருமகன் அப்படிச் செய்வான்?

பழைய எஸ்.யூ.வி. ஒன்று வாங்கி, டூரிஸ்டுகளை அருவிக்கும் காட்டுப் பாதைக்கும் ஏற்றிப் போவான். அந்தப் பாதையில் பாறை தலை தூக்கிக்கொண்டு இருக்கும். ஒருமுறை எஞ்சினுக்கு அடியில் ஆயில் சட்டி பாறையில் இடித்து விரிசல் விட்டது. கம்பெனி மாட்டி அனுப்பும் தகடு தகரம் மாதிரி, ஒரு இடி தாங்காது. கெட்டியான இரும்பில் ஒரு ஸ்கிட் பிளேட் செய்து மாட்டிக்கொடுங்கள் என்று கோகுல் பல தடவை கேட்டான். வண்டியின் வயிற்றுக்குக் கவசம் மாதிரி, அவ்வளவுதான். நான்தான் இன்று நாளை என்று இழுத்தடித்தேன்.

பிறகு ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். ஓசூரில் ஒரு கம்பெனியில் டிரைவர் வேலை கிடைத்திருக்கிறதாம், தங்குவதற்கு வீடும் தருவார்களாம். சங்கரி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. என்னை இந்த மலையில் தனியாக விட்டுவிட்டுப் போவதற்குச் சிரிக்க என்ன இருக்கிறது? அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. படுத்தால் ஓட்டில் காற்று தட்டும், தொட்டிக் குழாய் சொட்டும், எழுந்து போய்ப் போய் இறுக்கிவிட்டு வருவேன்.

மறுநாளே இரும்புத் தகட்டை வெட்டினேன்.

ஓசூருக்குத் தார் ரோடுதானே, இனி எதற்குத் தகடு என்று கேட்கிறீர்கள். எல்லோரும் கேட்கக்கூடிய கேள்விதான். மகள் புருஷனோடு புறப்படுகிறாள், ஒரு அப்பன் வெறுங்கையோடு அனுப்புவானா? அப்படித்தான் அவர்களிடமும் சொன்னேன். கோகுலுக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி நிறுத்துவார்கள். இறங்கி வந்து, இரவெல்லாம் வண்டி நின்ற தரையைக் குனிந்து பார்ப்பார்கள். ஈரம் இருந்தால் விரலால் தொட்டு முகர்ந்து, தண்ணீரா, டீசலா, பிரேக் ஆயிலா என்று கண்டுபிடிப்பார்கள். தரை காய்ந்திருந்தால்தான் மலை இறங்குவது. கோகுல் கீழே இருந்து வந்தவன் ஆனாலும் இந்தப் பழக்கத்தை ஒருநாளும் விட்டதில்லை. எவ்வளவு அவசரம் என்றாலும் குனிந்து பார்ப்பான். பிரேக் ஆயில் குறைந்தால் டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கைத்தான் அவன் நம்புவதில்லை. வண்டி வாங்கின நாளிலிருந்து திருவிழா சீரியல் செட்டு மாதிரி அதில் எல்லா விளக்கும் எரிந்தபடிதான் இருந்தது. வயரிங் கோளாறு, கண்டுகொள்ளாதே என்று நான் சொல்லியிருந்தேன். அது பொய் இல்லை. நிஜமாகவே வயரிங் கோளாறுதான்.

தகடு மாட்டிய அன்று சங்கரிதான் லைட் பிடித்தாள். ஒர்க்‌ஷாப்பில் வளர்ந்தவள், எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று கேட்காமலே எடுத்துக் கொடுப்பாள். தகட்டின் ஓரங்களை ஒரு விரல் உயரத்துக்கு மேலே மடித்திருந்தேன். அடியில் ஓட்டை போடவில்லை. தண்ணீர் வடிய ஓட்டை வேண்டாமா என்று கோகுல் கேட்டான். ஓட்டை வழியாகச் சேறு ஏறும் என்றேன். தலையை ஆட்டினான். பிறகு, மூலையில் கிடக்கிற பழைய ஜீப் சீட்டு ஸ்பாஞ்சைத் தகட்டின் அளவுக்கு வெட்டிக் கொடு என்று சங்கரியிடம் சொன்னேன்.

"இது இன்னாத்துக்குப்பா?" என்றாள்.

"தகடு ஆடுனா சத்தம் வரும்மா. எனக்கு ஆவாது" என்றேன்.

கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டிக் கொடுத்தாள். அவள் அம்மாவுக்கு இருந்த அதே கை.

அவர்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், வண்டியைக் கழுவித் தருகிறேன் என்று ஷெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். கழுவவும் செய்தேன். தகட்டுக்கு நேர் மேலே, பிரேக் பைப் இணைகிற இடத்தில் ஒரு நட்டு இருக்கிறது. அதில் கை வைத்தேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள். கசியும் அளவுக்கு.

விடிந்ததும் எனக்கு நெஞ்சு வலி வந்தது. வரவில்லை, வந்தது என்று சொன்னேன். சங்கரி அந்த வண்டியில் ஏறிவிடக் கூடாதே. அவ்வளவு யோசித்திருக்கிறேன், ஐயா. யோசிக்காமல் செய்கிற ஆள் இல்லை நான். அவள் பயணத்தை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் இருப்பாள், அவன் மட்டும் சாமான்களோடு இறங்குவான், என் கணக்கு அது.

கோகுல்தான் கணக்கை மாற்றினான். ஏற்றிய சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான். பாத்திர மூட்டை, மிக்சி, சங்கரியின் பீரோ. வியர்த்து வழிய வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஓசூரு வேணாம் மாமா. ஒங்கள இப்டி வுட்டுட்டு எங்க போறது? இங்கியே இருக்கலாம். இதான் நம்ம வூடு."

ஆமாம், அப்படித்தான் சொன்னான். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு சொல்லில் கிடைத்துவிட்டது.

பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கையைப் பிடித்தான். போனால் வலி இல்லை என்று தெரிந்துவிடும். வெறும் வாயுதான், போளூர் டாக்டர் கொடுக்கிற மாத்திரை போட்டால் அடங்கிவிடும் என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். சாவியை எடுத்தான்.

"நீங்க அசையாத படுங்க மாமா. போய்ட்டு ஒட்னே வர்றேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த அவசரத்திலும் வண்டியை முன்னால் நகர்த்தி, இறங்கி வந்து, குனிந்து தரையைப் பார்த்தான். கையால்கூடத் தடவிப் பார்த்தான். காய்ந்திருந்தது. திருப்தியாக ஏறி உட்கார்ந்தான்.

நான் கூப்பிட்டிருக்கலாம் என்கிறீர்கள். போகாதே மாப்பிள்ளை என்றால் போதும், நின்றிருப்பான். ஆனால் ஏன் என்று கேட்பானே. சங்கரி என் காலடியில் நின்று பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு அந்த ஏனுக்கு என்ன பதில் சொல்வது? பெற்ற மகள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்?

தடுப்புச் சுவர் இடிந்து கிடக்கிற வளைவில் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. தூக்கி வந்து இந்த வாசலில்தான் நிறுத்தினீர்கள். மேல்பாகம் அப்பளம். ஆயில் சட்டியில் ஒரு கீறல் கிடையாது, பார்த்தீர்களா? தகடு தன் வேலையைச் செய்திருக்கிறது.

நேற்று சங்கரி ஸ்பேனரோடு வந்து அந்த வண்டிக்கு அடியில் படுத்தாள். உங்கள் ஏட்டு தடுக்கப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். தகட்டைக் கழற்றி இந்த மேஜைமேல் வைத்தாள். ஸ்பாஞ்சை எடுத்தாள். ஊறிப்போயிருந்தது. முகர்ந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நாந்தானப்பா வெட்டிக் குடுத்தேன்" என்றாள். ஸ்பேனரைத் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது ஆரணியில் மாமியார் வீட்டில் இருக்கிறாளாம். இருக்கட்டும். எத்தனை நாள் இருப்பாள்? புருஷனும் இல்லை, என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அவள் பீரோவைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன். திரும்பி வந்தால் எதையும் தேட வேண்டியிருக்காது.

காலையிலிருந்து ஸ்பாஞ்சு எதற்கு என்றே கேட்கிறீர்கள். சத்தத்துக்கு இல்லை. சொட்டு தரையில் விழாமல் இருக்க. அவன் குனிந்து பார்ப்பான் என்று தெரிந்து, அவன் கண்ணில் படக் கூடாது என்றுதான் வைத்தேன். கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் வண்டி கிளம்பி முதல் வளைவு திரும்பும்வரை, கட்டிலில் படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். தகடு கொஞ்சமும் சத்தம் போடவில்லை. அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.