மருந்து கேட்கவில்லை

கஞ்சிக்கு எப்போது உப்புப் போடவேண்டும் என்பது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது, சார். அதற்கு முன் நான் அடுப்படிப் பக்கம் போனதில்லை. தூத்துக்குடி துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டாக இருந்தவனுக்கு வீடு என்பது குளித்துச் சாப்பிட்டுத் தூங்குகிற இடம். அதை நடத்தியது என் மனைவி ஜெபசுதா. நாசரேத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தாள். தெருவில் போனால் பெரிய மனிதர்கள்கூட வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வார்கள்.

என்னோடு அவள் சண்டை போட்டதில்லை. பேசியதும் குறைவுதான். ஓய்வு பெற்ற கையோடு, ஒரு சாயங்காலம் காப்பியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் தோஹாவுக்கு ஜெமிமாகிட்ட போறேன். இனி அங்கனதான் இருப்பேன். உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல."

ஜெமிமா எங்கள் ஒரே மகள். கோபம் இருந்திருந்தால் நான் சமாதானம் செய்திருப்பேன். இல்லாததை என்ன செய்வது?

விசாவுக்காக எக்ஸ்ரே எடுத்தபோது நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. தேடிப் பார்த்ததில் மூலம் மார்பில் இருந்தது. முற்றிய புற்றுநோய் என்றார்கள். பயணம் நின்றுபோனது.

மதுரையில் ஒரு டாக்டரிடம் போனோம். சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. மூன்று சிகிச்சைகளைச் சேர்த்துக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். "கீமோ கட்டியச் சுருக்கும்மா. கதிர்வீச்சு அத உடைக்கும். உடையும்போது, எதிரி யாருன்னு உங்க உடம்புக்கு அடையாளம் தெரியலாம். ஆனா புற்றுநோய் உங்க எதிர்ப்புச் சக்தியக் கட்டிப் போட்டு வச்சிருக்கு. அந்தக் கட்ட அவுக்கத்தான் இம்யூனோதெரபி. எல்லாருக்கும் கேக்கும்னு உறுதி சொல்ல முடியாது."

நன்றாகப் படிக்கிற பிள்ளை பதில் சொல்வதைக் கேட்பதுபோல ஜெபசுதா தலையாட்டினாள். "பண்ணிப் பாப்போம் டாக்டர்" என்றாள்.

அடுத்து வந்த மாதங்களைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். முடி கொட்டியபோது தலைக்குத் துணி கட்டிவிட்டேன். வாந்தியைத் துடைத்தேன். வாயெல்லாம் புண்ணானபோது கஞ்சியை ஆற்றி ஊட்டினேன். திரும்பி வரும்போது காரில் என் தோளில் சாய்ந்து தூங்குவாள். "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்கக்கூடத் தொடங்கியிருந்தாள். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பார் என்று சபையில் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, அவள் அயர்ந்து தூங்கிக் கிடந்தாள். டாக்டர் என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "மருந்து நல்லாக் கேக்குது சார். நுரையீரல்ல இருந்தது பெரும்பாலும் மறைஞ்சிருச்சு. முழுசாக் குணம்னு சொல்லல. ஆனா தொடர்ந்து குடுத்தா நல்ல வருஷங்கள் கெடைக்கும். மகள் வீட்டுக்குப் போலாமான்னு அம்மா கேட்டாங்க. கொஞ்சம் பொறுத்துப் போலாம். நீங்களே சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க."

எட்டயபுரம் தாண்டும்போது அவள் விழித்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மருந்து கேக்கலன்னு சொல்லுதாரு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபுறமும் கருவேலங்காடு ஓடியது. "அப்ப எதுக்கு இந்த வேதனை? நிப்பாட்டிருவோம்" என்றாள்.

முடிவை எடுத்தது அவள்தான். நான் வற்புறுத்தவில்லை.

சென்னைக்கு மாறுகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். டாக்டர் கைவிரித்துவிட்டார் என்று ஜெமிமாவிடம் சொன்னேன். அவள் பதறிக்கொண்டு வந்தாள். டாக்டரிடம் தானே பேசுவதாகச் சொன்னபோது ஜெபசுதாதான் தடுத்தாள். "அப்பா எல்லாம் பாத்துட்டாரு. விடு."

மருந்தை நிறுத்தியதும் அவள் முதலில் தேறினாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. பஞ்சுபோல முடி முளைத்தது. கடற்கரைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரமணலில் நடந்தாள். கப்பல் ஒன்று துறைமுகத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது.

"தெம்பா இருக்கே. இன்னொரு தடவ டாக்டரப் பாத்தா என்ன?"

"கடைசியில கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்குமாம்" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டாள். "சரி, வீட்டுக்குப் போவோம்."

மழைக்காலத்தில் இருமல் திரும்பி வந்தது. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. படுத்தால் மூச்சுத் திணறும். தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைப்பேன். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள இத்தன வருஷமும் தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சிருங்க" என்றாள்.

மன்னித்தேன்.

அடக்கம் முடிந்த பிறகு ஜெமிமா ஒரு டப்பா மக்ரூன் வாங்கிக்கொண்டு, அந்த டாக்டருக்கு நன்றி சொல்ல மதுரைக்குப் போனாள். அவர் எழுந்து வந்து, "அம்மா எப்படி இருக்காங்க? தோஹாவுக்கு வந்துட்டாங்களா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏம்ப்பா?"

மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன். தேறியிருந்தால் ஜெபசுதா போயிருப்பாள். அவ்வளவுதான். நான்தான் அவளைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள் சார்: அவள் கடைசிவரைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.