ஒரு கை தூரம்

முதலில் ஒரு சின்ன விஷயம், மேடம். உங்கள் மூக்குக்கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருக்கிறது. வந்ததிலிருந்து பார்க்கிறேன், விரலால் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். காதில் மாட்டும் கம்பிக்குக் கொஞ்சம் சூடு காட்டி வளைத்தால் போதும், சரியாகிவிடும். இந்த ஸ்டேஷனில் அதற்கு வசதியில்லை, தெரியும். பழக்கதோஷம், பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க முடிவதில்லை.

முந்தாநாள் மதியம் தம்பி மாடிப்படியில் உருண்டபோது நான் அவனைத் தள்ளினேனா என்று கேட்டீர்கள். தள்ளவில்லை. நான் மேலே எங்கள் வீட்டு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் அவன் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். கீழ்வீட்டு டெய்லர் தலையை நீட்டிப் பார்த்தார், அவரைக் கேட்டாலே சொல்லுவார். நான் அவன் மேல் விரல் நகம்கூடப் படவிடவில்லை.

நான் வேலை செய்வது ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில். முன்பக்கம் கண் டெஸ்ட், ஃபிரேம் அலமாரி, முகம் பார்க்கும் கண்ணாடி, சிரித்த முகமாக முதலாளி. பின்பக்கம் நான், லென்ஸ் தேய்க்கும் மெஷின், ஒரு தண்ணீர்த் தொட்டி. ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்று வருகிறவர்களின் செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த அறை பிடிக்கும். எங்கே எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி பள்ளிக்கூடப் பையன். இவனைப் பார்த்துக்கொள் என்று யாரும் என் கையைப் பிடித்துச் சொல்லவில்லை, சினிமாவில் வருகிற மாதிரி. நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். எனக்கு வந்த வரன்களை எல்லாம் ஏதாவது நொட்டை சொல்லித் தட்டிக் கழித்தேன். ஒருத்தருக்கு மூக்கு பெரிசு என்றேன், பாவம், நல்ல மனிதர். தம்பியைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன் என்று தெருவே சொல்லும்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை, பவர் அதிகம். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது நானா பீரோவா என்று தெரியாது. அதனால் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தான், கம்ப்யூட்டர் முன்னால். விளையாட்டு என்றால் சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை. ஒரு உலக வரைபடம். அதில் ஒரு நாட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். பழைய காலத்தில் ஆரம்பித்து நானூறு வருஷம் ஆளலாம். சரித்திரத்தில் தோற்றுப்போன ராஜ்ஜியத்தை ஜெயிக்க வைக்கலாம், நடந்த யுத்தத்தை நடக்காமல் செய்யலாம். சம்பந்தம் பேசலாம், கப்பம் கட்டலாம், பக்கத்து ராஜாவைக் காலில் விழ வைக்கலாம். நான் வேலை முடிந்து வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு அவன் பக்கத்தில் உட்காருவேன். போகப் போக எனக்கும் பிடிபட்டுவிட்டது. "அக்கா, நீதான் என் மந்திரி" என்று சொல்வான். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அவனுடைய திறமை விளையாடுவதில்கூட இல்லை, மற்றவர்களுக்குச் சவால் வைப்பதில். உலகம் பூராவும் இந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சும்மா ஜெயித்து அலுத்துவிடும். இவன் ஒரு சவால் எழுதிப் போடுவான்: இந்தக் குட்டி நாட்டை எடு, கப்பலே கட்டாமல் கடலை ஆளு, பார்க்கலாம் என்று. அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அவன் போட்ட சவால்களிலேயே பெரிசு உப்பு நாடு. வரைபடத்தில் ஒரு மிளகு அளவு இருக்கும், சுற்றிலும் பூதம் மாதிரி ராஜ்ஜியங்கள். ஒரு அடி நிலம்கூடச் சேர்க்கக்கூடாது, ஒரு அடிகூட இழக்கக்கூடாது, நானூறு வருஷம் அப்படியே நிற்க வேண்டும். தப்புப் பண்ணினால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆடுகிற கதையே கிடையாது. நடந்தது நடந்ததுதான். யாராலும் முடிக்க முடியவில்லை, அவனாலும்.

அதில் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. வரைபடத்தில் நம் ஆட்கள் போய்ப் பார்க்காத இடமெல்லாம் வெள்ளையாக மூடிக்கிடக்கும். "அது ஏண்டா?" என்றேன். "தெரியாத ஊருக்கு எந்த ராஜாவும் படையெடுக்க மாட்டான் அக்கா. பார்த்தாத்தானே ஆசை வரும்" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான், வாயில் முறுக்கைக் கடித்துக்கொண்டு.

பிறகு அவனுக்கு ஒரு ஆபீஸில் வேலை கிடைத்தது. பஸ்ஸில் போய் வந்தான். போன புதிதில் வீட்டுக்கு வந்ததும் எல்லாக் கதையும் சொல்வான். அப்புறம் சொல்வது குறைந்தது. சனி, ஞாயிறுகூட யாரோ கூப்பிட்டார்கள் என்று கிளம்பிவிடுவான். நான் வெறும் வீட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பயமாக இருந்தது, மேடம். இதைச் சொல்ல வெட்கம்தான். தனியாக இருக்க அவ்வளவு பயம்.

ஆனால் முதல் தடவை நடந்தது சத்தியமாகத் தவறுதான். எங்கள் கடையில் ஒவ்வொருவர் லென்ஸையும் ஒரு சின்னத் தட்டில் ஃபிரேமோடு வைத்து உள்ளே அனுப்புவார்கள். அன்று தம்பியின் தட்டில் இருந்த லென்ஸும் இன்னொருவர் தட்டில் இருந்த லென்ஸும் மாறிவிட்டன. அந்த இன்னொருவருக்கும் கிட்டத்தட்ட தம்பி அளவுதான் பவர், ஆனால் ஸ்கிரீன் பார்க்க மட்டும் தனிக் கண்ணாடி கேட்டிருந்தார். அப்படிப்பட்ட கண்ணாடியில் பவர் குறைவாக இருக்கும். கிட்டத்தில் இருக்கும் ஸ்கிரீன் பளிச்சென்று தெரியும், தெரு மங்கிவிடும். தம்பி அதைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். "அக்கா, மேப்புல எழுத்தெல்லாம் செதுக்கி வச்ச மாதிரி இருக்கு" என்றான். மறுநாள் கடைக்குப் போய்த்தான் லென்ஸ் மாறியது எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் வந்து வாங்கிப்போய் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் வந்தால் அவன் வீட்டில் இருந்தான். பஸ் நம்பர் சரியாகத் தெரியவில்லையாம், தலை வலிக்கிறதாம், யாரோடும் போகவில்லையாம். டீ போட்டு வைத்திருந்தான். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் மாற்றலாம் என்று இருந்தேன். அப்புறம் அதற்கு அடுத்த வாரம்.

பிறகு செய்தவை தவறு என்று சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் செய்தேன். ஒவ்வொரு புதுக் கண்ணாடியிலும் பவரை இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அப்படிக் குறைத்தால் ஸ்கிரீனும் மங்குமே என்று கேட்பீர்கள். மேசையைத் துடைக்கும்போது ஸ்கிரீனை அவன் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிடுவேன். கடைசியில் அது அவன் முகத்திலிருந்து ஒரு கை தூரத்துக்கு வந்துவிட்டது. அதற்குள் இருப்பதெல்லாம் அவனுக்குக் கண்ணாடி மாதிரித் தெளிவு. அதைத் தாண்டினால் வெள்ளை. அவன் வேலை போயிற்று. போகட்டும், என் சம்பளம் இரண்டு பேருக்குத் தாராளம். டாக்டரிடம் போகலாம் என்றான். எங்கள் கடையில் டெஸ்ட் பண்ணியாயிற்றே, உனக்குக் கண் நரம்பு பலவீனம், அலையாமல் இருந்தால் இப்படியே நிற்கும் என்றேன்.

ஒரு நாள் கேட்டான், "நான் குருடாயிடுவேனா அக்கா?"

"ஸ்கிரீன் தெரியுதுல்ல?"

"தெரியுது."

"அப்புறம் என்ன?"

அவன் தலையாட்டினான். நான் அவனை ஒரு நாளும் அடித்ததில்லை, கதவைப் பூட்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம். அவனாகத்தான் போகவில்லை. உப்பு நாட்டை மறுபடி எடுத்தான். இந்தத் தடவை நாங்கள் இருவரும் சேர்ந்து ஆண்டோம். பெரிய ராஜாக்களை ஒருவர் மேல் ஒருவர் ஏவிவிட்டு, நாம் இருப்பதே தெரியாமல் இருந்தோம். என் வாழ்க்கையிலேயே நிம்மதியான காலம் அது.

அவனோடு விளையாட்டில் பேசுகிற ஒரு பெண் உண்டு. விளையாட்டில் அவள் பெயர் தளபதி. இந்த மாதிரி விளையாட்டுகள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். உப்பு நாட்டில் திரும்பத் திரும்பத் தோற்றுக் கடுப்பாகி, இதை எழுதின மகானை நேரில் பார்க்கணும் என்றாளாம். அவளுடைய கம்பெனியில் சவால்கள் எழுதவே ஒரு ஆள் வேண்டும், நீ வா என்று கூப்பிட்டாள். வேறு ஊர். இவன் கண்ணைச் சொல்லி மறுத்தான். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவள் விடவில்லை. நான் கடையில் இருக்கும்போது நேரே வீட்டுக்கு வந்து, அவனை ஆட்டோவில் ஏற்றி வேறொரு கண் டாக்டரிடம் கொண்டுபோய்விட்டாள்.

நான் வீடு திரும்பியபோது அவன் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தான். அதே ஃபிரேம், லென்ஸ் புதுசு. எதிர்க்கடை போர்டைச் சத்தமாக வாசித்தான். "இங்கு குடைகள் நல்ல முறையில் ரிப்பேர் செய்து தரப்படும்." மறுபடி வாசித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, துடைக்காமல் வாசிக்கிறான். பிறகு என்னிடம் திரும்பி, "அக்கா, உங்க கடை மெஷின் கெட்டுப்போச்சு போல. முதலாளிகிட்ட சொல்லு, இன்னும் எத்தனை பேருக்குத் தப்பா போயிருக்கோ" என்றான். என் மேல் துளி சந்தேகம் இல்லை. அப்படி ஒரு பிள்ளை அவன். தளபதி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களிடம் வந்து சொன்னதும் அவள்தானே. புத்திசாலிப் பெண், ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

தளபதி சொன்ன வேலைக்குப் போகத் தயாரானான். துணி வாங்கினான். உப்பு நாட்டுக்கு இன்னும் சொற்ப வருஷம்தான் பாக்கி, முடித்துவிட்டுப் போடா என்றேன். "அங்க போய் முடிச்சுக்கலாம் அக்கா" என்றான்.

முந்தாநாள் காலையில் அவன் கண்ணாடியை வாங்கிக்கொண்டேன். மூக்குப் பிடி தளர்ந்திருக்கிறது, கடையில் இறுக்கித் தருகிறேன் என்றேன். யோசிக்காமல் கழற்றிக் கொடுத்தான். வீட்டில் கிடந்த ஒரு பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டி கட்டினான். மதியம் அவனைக் கூட்டிப்போகக் கார் வந்து கீழே ஹாரன் அடிக்கும்வரை தெருமுனையில் நின்றுவிட்டு, அப்புறம் மேலே வந்து கொடுத்தேன். அவசரமாகப் போட்டுக்கொண்டான். "ஒரு மாதிரி இருக்கே அக்கா" என்றான். "இறுக்கியிருக்கேன்ல, பழகிடும்" என்றேன். என் கன்னத்தைக் கிள்ளினான். கிளம்பினான். முதல் சில படிகளில் கைப்பிடியைப் பிடித்தான், வளைவில் பெட்டியைக் கை மாற்றினான்.

அந்தக் கண்ணாடியைச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னீர்கள். பவர் சரியாக இருக்கிறது என்றுதான் எழுதி வரும். பவரில் கை வைத்தால் அவன் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவான். மையத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். லென்ஸுக்கு ஒரு மையம் உண்டு, அது கண்மணிக்கு நேராக உட்கார வேண்டும். நான் புதிதாக இரண்டு லென்ஸ் தேய்த்து, இரண்டிலும் மையத்தை மேலே தள்ளி வைத்தேன். அவ்வளவு பவரில் அப்படிச் செய்தால் நேரே பார்க்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. குனிந்து காலடியைப் பார்த்தால் தரை இருக்கிற இடத்தைவிட மேலே தெரியும். படி இருப்பதாக நினைத்துக் காலை வைக்கிற இடத்தில் படி இருக்காது. தவறுதலாக அப்படி ஒன்று தயாரானால் நாங்களே உடைத்துக் குப்பையில் போட்டுவிடுவோம்.

அவன் விழ வேண்டும் என்று நினைக்கவில்லை. தலை சுற்றி, இரண்டு படி இறங்கி, அக்கா என்னால் முடியலை என்று திரும்பி வருவான் என்றுதான் நினைத்தேன். இதை மட்டும் நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும், மேடம்.

இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் வராது என்று டாக்டர் சொன்னாராம். உயிர் இருக்கிறது, கை இருக்கிறது, மூளை கத்தி மாதிரி இருக்கிறது. அது போதும். ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். கம்ப்யூட்டரை நான் அணைக்கவில்லை, உப்பு நாடு அப்படியே நிற்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டு, ஸ்கிரீனை அவன் முகத்திலிருந்து ஒரு கை தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். படுத்தபடியே பார்க்கிறவர்களுக்கென்று கண்ணாடி தனியாகச் செய்ய வேண்டும், மையம் வேறு இடத்தில் வரும். அதற்கு யாரும் அலைய வேண்டாம். கடையில் என் மேசை இழுப்பறையில் அவனுக்கு ஒரு ஜோடி இருக்கிறது, போன வாரமே செய்து வைத்துவிட்டேன்.