சாத்திய ஜன்னலுக்குக் கீழே ஹாரன் மாற்றிய விவரம்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் மேலே ஐயா எழுதிக்கொண்டபடி சரி. வயது அறுபத்தாறு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தெருவில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது, கிளட்ச் வாத்தியார் என்றால்தான் தெரியும். மனைவி காலமாகிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. மேற்படி வீட்டில் நான் ஒருவன்தான் குடியிருந்து வருகிறேன். இன்று என்னை யாரும் அழைத்து வரவில்லை. இறந்துபோன எதிர்வீட்டுக் கண்ணாடிக்காரர் விஷயமாக ஏற்கெனவே நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னதில் ஒரு பொய் இருக்கிறது. அதைத் திருத்த நானாகவே வந்தேன்.

மேற்படி கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவர். கீழே கடை, மாடியில் வீடு. முழங்கால் வலியால் கடையை மூடிவிட்டு மாடியில் தனியாக இருந்து வந்தார். ஒரே மகள், வெளியூரில் வேலை. அவர் கட்டிடத்தின் நிழல் விழும் இடத்தில், அவருடைய படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே, என் காரை நிறுத்துவது வழக்கம். தினமும் காலையில் நான் காரில் உட்கார்ந்து இரண்டு தடவை ஹாரன் அடிப்பேன். அவர் ஜன்னலைத் திறந்து, "ஏன்யா, ஊர்ல ஒருத்தனும் தூங்கக் கூடாதா?" என்று திட்டுவார். அதன் பிறகு இறங்கி வருவார், இருவரும் காரில் போய் முனைக்கடையில் டீ குடிப்போம், காய்கறி வாங்குவோம், திரும்புவோம். நடந்தே போகிற தூரம்தான். ஆனால் என் கார் ஓடியாக வேண்டும், அவர் முழங்கால் ஓயவேண்டும், இரண்டுக்கும் தோதாக இருந்தது. அதன் பிறகு மறுநாள் ஹாரன் வரைக்கும் எனக்குப் பேச ஆள் கிடையாது. வீட்டில் வாய் திறப்பது குக்கர் மட்டும்தான்.

சில வாரங்களாகவே ஹாரன் சத்தம் தேய்ந்துகொண்டு வந்தது. இரண்டு வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது அவர் காரைவிட்டு இறங்கி நின்று, "இதெல்லாம் ஒரு ஹாரனா வாத்தியாரே? சளி புடிச்ச ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு. நாளைலேர்ந்து ஒழுங்கா சத்தம் வந்தாதான் ஜன்னலைத் திறப்பேன், சொல்லிட்டேன்" என்றார். நானும் விடவில்லை. "நீ திறக்கலேன்னா எனக்கு ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது" என்றேன். சிரித்துக்கொண்டே படியேறினார். நான் அவரிடம் முகம் பார்த்துப் பேசியது அதுதான் கடைசி.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல ஹாரன் அடித்தேன். ஜன்னல் திறக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். திறக்கவில்லை. சரி, மனிதர் சொன்னபடி செய்கிறார், வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்தேன். போன் செய்து பார்க்கவில்லையா என்று ஐயா கேட்டதற்குச் சொல்கிறேன்: செய்யவில்லை. போன் செய்தால் நான் தோற்றதாக ஆகிவிடும், அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் ஓட்டுவார். அதனால் நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், என் காருக்குப் பொருந்துகிறதிலேயே உரத்த ஹாரன் ஜோடி ஒன்று வாங்கி வந்தேன். கடைக்காரர் மெக்கானிக்கை அனுப்பட்டுமா என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். அவர் ஜன்னலுக்குக் கீழேயே, அவர் காதில் விழும்படி, நானே என் கையால் மாற்ற வேண்டும் என்று ஆசை.

காரை அதே இடத்தில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, முன் கிரில்லைக் கழற்றினேன். உள்ளே இருந்த இரண்டு ஹாரனில் ஒன்று மழைத் தண்ணீர் புகுந்து செத்துக் கிடந்தது, மற்றதுதான் இத்தனை நாள் தனியாக முனகியிருக்கிறது. பிடித்திருந்த போல்ட் துருவேறி அசையவே இல்லை. எண்ணெய் விட்டு, ஊறட்டும் என்று பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் மாடிப்படி ஏறி இறங்கியிருக்கலாம். ஏறவில்லை.

அப்போதுதான் தலைக்கு மேலே சுவரில் டக், டக் என்று கேட்டது. இதுதான் நான் முன்பு மறைத்த விஷயம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னலைத் திறக்க மாட்டாராம், ஆனால் வேலை ஆகட்டும் என்று அவசரப்படுத்துவாராம் என்று நினைத்து, கையில் இருந்த ஸ்பானரால் பம்பரில் அதேபோல் இரண்டு தட்டு தட்டினேன். அவர் மறுபடி தட்டினார். நானும் தட்டினேன். "கொஞ்சம் பொறுய்யா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி பறக்காதே!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன். இப்படி அவர் தட்டுவதும் நான் தட்டுவதுமாகக் கொஞ்ச நேரம் நடந்தது. ஐயா இதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்: அந்த நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். மனைவி போன பிறகு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான். போல்ட் இளகுவதற்குள் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. சலித்துப்போய் விட்டுவிட்டார் என்று நினைத்து வேலையைப் பார்த்தேன்.

அதன் பிறகு பழைய ஹாரன்களை எடுத்து, வயர் முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது ஹாரன்களை முடுக்கி, கிரில்லை மாட்டி, பேட்டரி வயரைத் திரும்ப இணைத்து, உள்ளே உட்கார்ந்து ஹாரனை அழுத்தினேன். தெருவே அதிர்ந்தது. பக்கத்து வீட்டு டீச்சரம்மா பால்கனிக்கு ஓடி வந்து, "என்ன சார், லாரி வாங்கிட்டீங்களா?" என்றார். மற்ற வீடுகளிலும் தலைகள் எட்டிப் பார்த்தன. அந்த ஒரு ஜன்னல் மட்டும் திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். மூன்றாவது தடவை கையை எடுக்காமல் அழுத்தினேன். அதற்குப் பிறகுதான் இது வீம்பு இல்லை என்று எனக்கு உறைத்தது.

அவர் வீட்டு மாற்றுச் சாவி என்னிடம் உண்டு. "எதுக்கும் ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும் மாமா" என்று அவர் மகள் கொடுத்தது. தொலையக் கூடாது என்று கார் சாவி வளையத்திலேயே கோத்து வைத்திருந்தேன். அன்று காலையிலிருந்து அது என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை உருவிக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். கண்ணாடிக்காரர் ஜன்னலுக்குக் கீழே தரையில் கிடந்தார். ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை, நினைவும் இல்லை. இடது கையில் ஸ்டீல் மூக்குக்கண்ணாடிப் பெட்டியைப் பிடித்திருந்தார். கைக்கு எட்டிய உயரத்தில் சுவரில் பூச்சு பெயர்ந்திருந்தது. டீச்சரம்மா ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். அன்று மாலை ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மகள் வந்து சேர்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நீங்க கீழதானே இருந்தீங்க, அப்பா கூப்பிட்டாரா? ஏதாவது சத்தம் கேட்டுச்சா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். ஐயா கேட்டபோதும் அதையே சொன்னேன். காரியமெல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது அவள், "ஞாயித்துக்கிழமைன்னா அப்பாவுக்குப் போன் பண்ணுவேன். இனிமே உங்களுக்குப் பண்றேன் மாமா. எடுப்பீங்கல்ல?" என்றாள். எடுப்பேன் என்றேன். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதற்கு எந்தப் பிரிவிலும் வழக்கு இல்லை, வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்று ஐயா நல்லவிதமாகத்தான் சொன்னார். பிரிவு தேடி நான் வரவில்லை. இதன் நகல் ஒன்றை அவர் மகளுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். நேரில் சொல்லலாமே என்றார் ஐயா. நான் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை என்னைத் தேற்றும்படி ஆகிவிடும். அந்தப் பாவமும் எனக்கு வேண்டாம். நகல் போய்ச் சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் வராவிட்டால் அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டிருக்கிறது, யாரும் மிரட்டவோ சொல்லிக்கொடுக்கவோ இல்லை. ஐயா வாசித்துக் காட்டினார். வயதானவராயிற்றே, உரக்க வாசிக்கட்டுமா என்று கேட்டார். தேவையில்லை என்றேன். என் காது நன்றாகக் கேட்கும்.

(கையொப்பம்)