ஏழாம் கட்டில் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தது குறித்து

என் பெயர் மருத்துவமனை அடையாள அட்டையில் உள்ளபடி. வார்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, "புதுசு" என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தெட்டு. ஆண்கள் எலும்பு முறிவு வார்டில் பகல் ஷிப்ட் உதவியாளராக இருக்கிறேன். முகவரி, பேருந்து நிலையத்துக்குப் பின்தெரு, சலவைக்கடை மாடி, ஒற்றை அறை. உடன் வசிப்பவர் யாரும் இல்லை. இதே சம்பவம் பற்றிச் சென்ற வெள்ளிக்கிழமை வார்டில் வைத்து என்னிடம் விசாரித்து எழுதிக்கொண்டார்கள். அன்று நான் சொன்னது உண்மை இல்லை என்பதால், இன்று செவ்வாய்க்கிழமை காலை நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

நான் இதற்கு முன் ஒரு துணிக்கடையில் பதினோரு வருடம் துணி மடிக்கும் வேலை பார்த்தேன். கடையை மூடிவிட்ட பிறகு ஆறு நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு இந்த வேலையில் சேர்ந்தேன். வார்டில் முப்பத்திரண்டு கட்டில்கள். பகலில் உதவியாளர்கள் மூன்று பேர். ஒருவர் பெரியக்கா, இருபத்திரண்டு வருட சர்வீஸ். இன்னொருவரை எல்லோரும் மாயாவி என்பார்கள், அவரும் அதற்குச் சிரிப்பார். அவர் வருகைப் பதிவேட்டில் இருப்பார், வார்டில் இருக்க மாட்டார். மூன்றாவது நான். முதல் நாள் சுத்தமான விரிப்புகள் எங்கே இருக்கின்றன என்று பெரியக்காவிடம் கேட்டதற்கு, "தேடுனா கெடைக்கும்" என்றார். நான் அரை மணி நேரம் தேடினேன். அலமாரிச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அவர்கள் இருவரும் துணி அறையில் ஆளுக்கொரு ஸ்டூல் போட்டுச் சாப்பிடுவார்கள். என்னை வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் வா என்று கூப்பிடவும் இல்லை என்பதால் நான் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டேன்.

அந்த வார்டில் தானாகப் புரண்டு படுக்க முடியாத நோயாளிகள் ஏழு பேர். முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவர்களைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒருவர் ஒரு பக்கம் நின்று தோளையும் இடுப்பையும் மெதுவாகத் தள்ள வேண்டும், மற்றவர் எதிர்ப்பக்கம் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்கும். அதில் ஒவ்வொரு முறைக்கும் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். பெரியக்கா காலையில் வந்ததும் ஏழு கட்டில்களிலும் சாயங்காலம் வரைக்குமான தன் கையெழுத்தை மொத்தமாகப் போட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். முதல் நாள் அதைப் பார்த்தபோது, எவ்வளவு பொறுப்பான மனுஷி என்று நினைத்தேன். அதன் பிறகு ஏழு பேரையும் நான் தனியாகவே திருப்பினேன். தனியாகத் திருப்பும்போது எதிர்ப்பக்கத்துத் தடுப்புக் கம்பியைத் தூக்கி மாட்டிக்கொள்வேன். ஆள் நிற்க வேண்டிய இடத்தில் கம்பி நிற்கும். ஹெட் சிஸ்டரிடம் ஒரு முறை சொன்னேன். "சேந்து மூணு நாள் ஆகல, அதுக்குள்ள புகாரா?" என்றார். பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஏழாம் கட்டிலில் இருந்தவர் எழுபத்தோரு வயதுப் பெரியவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர், நல்ல கனமான உடம்பு. எழுந்து உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும், இரண்டு முறை தானாக இறங்கப் பார்த்துத் திட்டு வாங்கியவர். நான் தோளில் கை வைத்ததும் பக்கத்துக் கட்டில்காரரிடம், "வண்டி திரும்புது, ஒதுங்கிக்கங்க" என்பார். வார்டே சிரிக்கும். "சாப்டியாம்மா?" என்று அந்தக் கட்டிடத்தில் என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவருக்கு ஒரே மகள். தினமும் வேலை முடிந்து நேராக நாலரை மணிக்கு வந்துவிடுவாள்.

சம்பவம் நடந்தது சென்ற செவ்வாய்க்கிழமை, நான் வேலைக்குச் சேர்ந்த பத்தொன்பதாம் நாள். மதியத்துக்கு மேல் புதிதாக மூன்று பேரை அனுமதித்தார்கள், லிப்ட் வேலை செய்யவில்லை, எக்ஸ்ரேக்கு நான்கு முறை சாய்வுப் பாதையில் ஸ்ட்ரெச்சர் தள்ளினேன். அதனால் நாலு மணிக்குத் திருப்ப வேண்டியவர்களில் ஏழாம் கட்டிலுக்கு வரும்போது நாலே முக்கால் ஆகிவிட்டது. அவ்வளவு கனமான உடம்பைத் தனியாகத் திருப்ப அன்று எனக்குத் தெம்பில்லை. அதனால் துணி அறைக்குப் போய்ப் பெரியக்காவிடம், ஏழாம் கட்டிலுக்கு மட்டும் ஒரு கை கொடுங்கள் என்று கேட்டேன். "நேத்து தனியாத்தான பண்ணுன? இன்னைக்கு என்ன, கை ஒடிஞ்சு போச்சா?" என்றார். மாயாவியைத் தேடினேன், மருந்து வாங்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு நான் ஏழாம் கட்டிலுக்கு வந்து, இடது பக்கத்துக் கம்பியை இறக்கி, அந்தப் பக்கம் நின்று அவர் உடம்பைத் துடைத்துவிட்டேன். அப்போது ஒன்பதாம் கட்டில்காரர் பெட்பேன் கேட்டுச் சத்தம் போட்டதால் அதைக் கொடுத்துவிட்டு ஓடி வந்து, நேராக வலது பக்கம் போய் நின்றுகொண்டேன். இடது பக்கத்துக் கம்பியைத் தூக்கி மாட்ட மறந்துவிட்டேன். வலது பக்கம் நின்றபடி அவர் தோளையும் இடுப்பையும் தள்ளினேன். எதிர்ப்பக்கம் ஆளும் இல்லை, கம்பியும் இல்லை. அவர் அந்தப் பக்கமாக உருண்டு கீழே விழுந்தார். விழும்போது தலை பக்கத்திலிருந்த இரும்பு அலமாரியில் இடித்தது. நான் கத்தினேன். அதுவரை ஆள் கிடைக்காத வார்டில் ஒரு நிமிடத்துக்குள் ஆறு பேர் வந்து நின்றார்கள்.

டாக்டர் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர், "நானாத்தான் எந்திரிச்சேன் டாக்டர். இந்தப் பொண்ணு பிடிக்கத்தான் ஓடியாந்துச்சு" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மறுக்கவில்லை. அவரை உடனே ஸ்கேன் எடுக்கக் கொண்டு போனார்கள். அவர் மகள் ஐந்தேகாலுக்கு வந்தபோது அவருக்கு நினைவு தப்பிவிட்டது. வியாழக்கிழமை காலையில் இறந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அவரைக் கொண்டு போன பிறகு பெரியக்கா கால்மாட்டுத் தாளை எடுத்து வந்து, நாலு மணி கட்டத்தில் தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் என்னையும் போடச் சொன்னார். "பெரியவரே சொல்லிட்டாரு. நீ எதையும் கிளறாத, எல்லாருக்கும் நல்லது" என்றார். நான் போட்டேன். இப்போது எனக்குக் காட்டப்படும் தாள் அதுதான், அதில் இரண்டாவதாக உள்ளது என் கையெழுத்து. அதன் பிறகு அவர் என்னைத் துணி அறைக்குக் கூட்டிப்போய், தன் ஸ்டூலில் உட்கார வைத்து, டீ ஊற்றிக் கொடுத்தார். மாயாவி, "அக்கா, சக்கர போதுமா?" என்று என்னைக் கேட்டார். மறுநாளும் அதற்கு மறுநாளும் மூன்று பேரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு மனிதர் சாகக் கிடந்தபோது எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்கப்பட்டதற்கு: வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, மறுபடியும் மாடிப்படிக்குப் போக வேண்டும் என்று பயந்தேன்.

நேற்று திங்கட்கிழமை அவர் மகள் பொருட்களை வாங்கிப் போக வார்டுக்கு வந்தாள். கண்ணாடி, செருப்பு, ஒரு துண்டு. பையில் போட்டுக் கொடுத்தேன். அவள் போகாமல் நின்று, "அக்கா, நீங்கதான பக்கத்துல இருந்தீங்க. அப்பா வாசலயே பாத்துட்டு இருந்தாரா?" என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாய் என்றேன். "அன்னைக்கு மேனேஜர் நிக்க வச்சுட்டாரு, முக்கால் மணி நேரம் லேட். என்னைக் காணோமேன்னுதான் எந்திரிச்சிருப்பாரு. நான் நேரத்துக்கு வந்திருந்தா அப்பா இருந்திருப்பாருல்ல?" என்றாள். பெரியக்கா துணி அறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிக் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன். அவள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். எனக்கு அதன் பிறகு வேலை ஓடவில்லை.

யாராவது சொல்லி வந்தாயா என்று கேட்கப்பட்டதற்கு: இல்லை. நான் வருவது வார்டில் யாருக்கும் தெரியாது. உடன் வந்தவர் யாரும் இல்லை.

அவர் வாசலைப் பார்க்கவில்லை. மகளைத் தேடி எழவில்லை. எழவே இல்லை. நான் தள்ளினேன், அவர் விழுந்தார். அவள் சரியாக நாலரைக்கே வந்திருந்தாலும், நாலே முக்காலுக்குத் துடைக்க வேண்டும் என்று நானே அவளை வெளியே நிற்கச் சொல்லியிருப்பேன். என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி, இந்த ஒரு பத்தியை மட்டும் இன்றைக்கே அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்குத் திரும்பப் படித்துக் காட்டப்பட்டது. சொன்னபடியே இருக்கிறது. போன முறை விட்டதையும் இதில் சேர்த்துவிட்டேன், இனி என்னிடம் மிச்சம் எதுவும் இல்லை.

(ஒப்பம்)