வெறும் விரல் பட்டால் போதும்

இரவு பதினொன்று தாண்டியிருக்கும். துறைமுகத்துக்குப் போகிற சாலை... ஒரு லாரிகூட ஓடாத நேரம். சாலை முடிகிற இடத்தில் மீன்களை வைக்கும் குளிர்கிடங்கு. அங்கேதான் போய்க்கொண்டிருந்தார் என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரர். நானும் அவரை அத்தான் என்றே சொல்கிறேன். நான் சொல்லி முடிக்கும் வரை விளக்கை அணைக்காதீர்கள், இருக்கட்டும்.

அந்தக் கிடங்குக்குத் தொடுதிரை தேர்ந்தெடுத்தவர் அவர்தான். உறைகுளிரைத் தாங்குமா, தண்ணீர் இறங்குமா, உப்புக்காற்றில் துருப்பிடிக்குமா... எல்லாம் அலசினார். ஒன்றை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"கையுறையோட அழுத்துனாலும் வேலை செய்யுற மாதிரி வாங்குங்க சார். உள்ள போயிட்டா கழட்ட முடியாது" என்று கிடங்கு மேஸ்திரி கெஞ்சியிருக்கிறார். அந்த வகைத் திரை பார்க்கப் பழைய சாமான் போல இருக்குமாம். அத்தானுக்குப் பளபளப்பு வேண்டும். செல்போன் மாதிரி வெறும் விரல் பட்டால் போதும் என்று வேறொன்றை வாங்கி மாட்டினார். உள்ளிருந்து கதவைத் திறப்பதும் அதில்தான். பழைய கைப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள் மேஸ்திரி உள்ளே மாட்டிக்கொண்டார். காலையில் திறந்தபோது திரைக்குக் கீழே உட்கார்ந்தபடியே விறைத்துச் செத்திருந்தார். கையுறைகள் மடியில். விரல் நுனிகளில் தோல் இல்லை. அவ்வளவு குளிர்ந்துவிட்டால் அந்தத் திரைக்கு அது விரலே இல்லையாம்... வெறும் கட்டை.

அதற்கப்புறம் ஒருவரும் உள்ளே போக மாட்டோம் என்றார்கள். திரையில் கோளாறில்லை என்று காட்டாவிட்டால் அத்தானுக்கு வேலை போய்விடும். அதற்குத்தான் அந்த ராத்திரிப் பயணம். காவலாளியை வெளியே நிற்க வைத்தார். "பாரு, நானே திறந்துக்கிட்டு வர்றேன்" என்று சொல்லி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அழுத்தினார். திறக்கவில்லை. குளிரூட்டுகிற அம்மோனியாவின் நெடி... மேலே விசிறிகளின் உறுமல். துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். ம்ஹூம். தொண்டை கிழியக் கத்தினார். அவ்வளவு தடிமனான கதவு, வெளியே என்ன கேட்கும்? விரலை வாயில் வைத்துச் சூடாக்கி அழுத்தினார். செத்துவிடுவோம் என்று புரிந்ததும் அழ ஆரம்பித்தார். பாவம், கெட்டவர் இல்லை. பந்தா பேர்வழி, அவ்வளவுதான்.

அப்போது முதுகுக்குப் பின்னால்... ரப்பர் உரசுகிற சத்தம். யாரோ கையுறையை உருவுகிறார்கள். முதலில் ஒன்று. நிதானமாக இன்னொன்று. அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

திரை பச்சையாக எரிந்தது. கதவு திறந்துகொண்டது.

"இப்பதானே சார் உள்ள போனீங்க, அதுக்குள்ளயா?" என்றானாம் காவலாளி. அத்தானின் புருவமெல்லாம் பனி படிந்து வெள்ளையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, முதலாளிக்குச் சொல்லலாம் என்று செல்போனை எடுத்தார். விரலை வைத்தார்... திரை அசையவில்லை. அக்கா தொட்டாள், உடனே அசைந்தது. அவர் தொட்டார்... இல்லை. அவர் விரலைப் பிடித்து அக்காவே வைத்துப் பார்த்தாள். கை நல்ல சூடாகத்தான் இருந்தது.

இன்றைக்கும் அவர் வேலைக்குப் போகிறார். சாப்பிடுகிறார், சிரிக்கிறார். அக்காதான் பிள்ளைகளோடு வேறு அறையில் தாழ்போட்டுப் படுக்கிறாள். ராத்திரியில் அவர் வந்து வெளியே நிற்பாராம். தட்டுவதில்லை. கூப்பிடுவதில்லை. மரக்கதவில் ஒரே இடத்தில்... விரலால் அழுத்திக்கொண்டே இருப்பாராம்.